சித்திரகுப்தனும் மஸ்டர் ரோலும்

எமலோகத்தில் ஒரு கணக்கப்பிள்ளை இருக்கிறானாம்; பெயர் சித்திரகுப்தன். மண்ணில் பிறந்தோர் செய்யும் பாவமும் புண்ணியமும் அவனது பேரேட்டில் வரி தவறாமல் ஏறுகின்றனவாம். உயிர் பிரிந்ததும் ஏடு புரட்டப்படுமாம். கணக்குப் பார்த்துக் கதி வழங்கப்படுமாம். அந்த ஏட்டைக் கண்டவர் எவருமிலர். எனினும் காஞ்சிபுரத்தில் அவனுக்குக் கோயில் உண்டு. சித்திரை முழுநிலவில் விழா உண்டு. விழாவுக்குக் கூட்டமும் உண்டு.

காணாத பேரேட்டுக்கு அஞ்சிக் கைகூப்பும் நாட்டில், கண்ணெதிரே கிடக்கும் மற்றொரு பேரேட்டைப் பற்றி எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? ஆலை வாசலில் டைம் கீப்பரின் மேசைமீது கிடக்கும் ஏடு அது. மஸ்டர் ரோல் என்பர். அதில் ஒரு நாள் ஏறினால் ஏறியது, விடுபட்டால் விட்டது. வேலை பறிபோகும் நாளில், பாட்டாளியின் வீட்டில் அடுப்பெரிய ஏதேனும் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது விதியன்று, தலையெழுத்தன்று. அந்த ஏட்டின் எழுத்து!

இதனை நான் நூலகத்தில் கற்கவில்லை. ஒரு காலண்டரில் கற்றேன். திருநகரில் நான் பாடம் சொல்லும் மாணவன் ஒருவனின் தந்தை, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் வீடு தேடி வந்தார். நூற்பாலை ஒன்றில் பதிலியாக இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்தவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய மாதக் காலண்டர் ஒன்று. "சார், இதைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. நான் மூணு தடவை கூட்டினேன், மூணு விதமா வருது" என்றார். விரித்துப் பார்த்தேன். மேலே இலட்சுமி படம், கீழே கட்டங்கள், கட்டந்தோறும் இராகு காலம், எமகண்டம், குளிகை. நல்ல நேரம் பார்க்க அச்சடித்த அந்தக் கட்டங்களில், வேலைக்குப் போன நாளையெல்லாம் நீலப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் அந்த மனிதர். பன்னிரண்டு மாதக் கட்டங்களையும் கூட்டினேன். 247. ஆலை அவருக்குக் கொடுத்த தாளிலோ இருநூறுக்குச் சற்றே மேல்.

247 என்றால் என்ன, 210 என்றால் என்ன என்று கேட்கலாம். இரண்டுக்கும் இடையில்தான் 240 நிற்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு.

1953ஆம் ஆண்டு. நாடெங்கும் பஞ்சாலைகளில் துணியும் நூலும் விலை போகாமல் தேங்கின. ஆலைகள் ஷிப்டைக் குறைத்தன. "நாளை வரவேண்டாம்" என்று ஆயிரக்கணக்கானோரிடம் சொல்லிவிட்டன. வேலை நீக்கமும் இல்லை, வேலையும் இல்லை. லே-ஆஃப் எனும் திரிசங்கு நிலை. அந்த நெருக்கடியில், வி.வி.கிரி தொழிலமைச்சராக இருந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. பின்னர் அதுவே 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் தனி அத்தியாயமாக ஏறியது. லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. ஆட்குறைப்புச் செய்தால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம். வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லாத நாட்டில், அதன் இடத்தில் வைக்கப்பட்ட சிறு அகல்விளக்கு அது. யாருக்கு அந்த வெளிச்சம்? ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு. ஓராண்டு என்றால்? பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் உண்மையாகவே வேலை செய்திருக்க வேண்டும். சுரங்கத்தின் அடியில் உழைப்போருக்கு 190 நாள் என்று பின்னர் வகுத்தனர்.

மாதம் இருபது நாள் வேலை என்றால் 240 நிறைந்துவிடும். நிரந்தரத் தொழிலாளிக்கு இது பெரிய மலையன்று. வாரம் ஆறு நாள் சங்கு ஊதுகிறது, ஆறு நாளும் அவன் உள்ளே இருக்கிறான். ஆனால் ஆலை வாசலில் நிற்பவன் அவன் மட்டுமா?

பஞ்சாலை ஊர்களில் பிறந்தவர்க்குப் பதிலி என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்க்குச் சொல்கிறேன். நிரந்தரத் தொழிலாளி ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், தங்கையின் திருமணம் வந்தால், அவனது எந்திரத்தின் முன் நிற்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் வாசலில் வந்து நிற்பான். மேஸ்திரி விரலை நீட்டினால் வேலை. நீட்டாவிட்டால் வந்த வழியே நடை. இன்று பதினாறு நாள் கிடைக்கும் மாதம், அடுத்தது பத்து நாள் கிடைக்கும் மாதம். பதினாறு நாளாகவே ஓராண்டு கிடைத்தாலும் 192தான்! அவனும் அதே பஞ்சுத் தூசியைத்தான் சுவாசித்தான். அதே ஸ்பிண்டிலின் முன்தான் நின்றான். ஆனால் 1953ஆம் ஆண்டுச் சட்டம் லே-ஆஃப் உதவியை வகுத்தபோது, "பதிலித் தொழிலாளியும் தற்காலிகத் தொழிலாளியும் நீங்கலாக" என்று அடைப்புக்குறிக்குள் அழகாக எழுதிற்று. ஓராண்டுத் தொடர்பணி முடித்துவிட்டால் மட்டும் அவன் பதிலியாகக் கருதப்படமாட்டான் என்று பரிவும் காட்டிற்று. முடிக்கும்படி விட்டால்தானே! வாசலில் விரல் நீட்டுபவன் கையில் அல்லவா இருக்கிறது அந்த 240ஆவது நாள்?

யாருக்கு வேலை மிக எளிதில் போகிறதோ, அவனுக்கே உதவி மிக அரிது. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. உலகமெங்கும் இதே முகத்தைக் காண்போம்.

உதவி பெற்றவனுக்கும் அது சும்மா வரவில்லை. லே-ஆஃபில் இருப்பவன் நாள்தோறும் ஒரு முறை, குறித்த நேரத்தில் ஆலைக்கு வந்து தலைகாட்ட வேண்டும். வராத நாளுக்குப் பணம் இல்லை. ஐந்து மைல் சுற்றளவில் அதே முதலாளியின் வேறு இடத்தில் வேலை கொடுத்து மறுத்தாலும் இல்லை. வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலைக்குத் தினமும் வந்து கையொப்பம் இடு என்று சொல்லும் நயத்தை எந்தப் புலவன் பாடியிருக்கிறான்!

மதுரை மண்ணில் இந்தக் கதை பழையது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் பஞ்சாலைகள் எழுப்பினர். மதுரை ரயில் நிலையத்துக்கு மேற்கே அவர்களது ஆலையின் சங்கொலிதான் பல தலைமுறைகளுக்குக் கடிகாரம். திருநகருக்கு அடுத்தாற்போல் அவ்வாலைத் தொழிலாளர் குடியிருக்க எழுந்த ஹார்விபட்டி இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. தூத்துக்குடியில் அவர்களது கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வெளியே வந்தனர். வ.உ.சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. சிறைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பது வானத்திலிருந்து விழுந்த வரமன்று. வாசலில் நின்று வாங்கிய உரிமை. அப்படி வாங்கிய ஞாயிற்றையே பின்னாளில் பாட்டாளிக்கு எதிராகத் திருப்பினர். 240 நாள் "உண்மையாகவே வேலை செய்திருக்க வேண்டும்" என்றல்லவா சட்டம்? ஞாயிறன்று நீ வேலை செய்தாயா? இல்லை. பண்டிகை விடுமுறையன்று செய்தாயா? இல்லை. அப்படியானால் கழி! ஓராண்டில் 52 ஞாயிறு கழிந்தால் 365 நாள் 313 ஆகிறது. ஒன்பது மாதம் ஒரு நாள் தவறாமல் உழைத்தவனுக்கும் 240 எட்டுவது ஐயத்துக்கு இடமாகிறது. இந்த வாதத்தை அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் 1985ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தள்ளியது. சம்பளத்துடன் கூடிய ஞாயிறும் விடுமுறையும் வேலை நாட்களே என்று தீர்ப்புரைத்தார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. கோரல் ஆலைத் தொழிலாளி வென்ற ஞாயிறு கணக்கேட்டில் ஏற 77 ஆண்டுகள் ஆயின! அதற்கு முன் எத்தனை பேர் அந்த ஞாயிறுகளால் தோற்றுத் திரும்பினரோ.

மேல்நாட்டில் மட்டும் இந்தக் கணக்கு கருணையோடு தொடங்கிற்றா? பார்ப்போம். சட்டத்தின் வழியே நாடு தழுவிய கட்டாய வேலையின்மை இன்ஷூரன்ஸை முதலில் கொண்டுவந்தது பிரிட்டன். 1911இல் சட்டம், 1913 சனவரியில் முதல் உதவித்தொகை. தொழிலாளி வாரம் இரண்டரைப் பென்ஸ், முதலாளி இரண்டரைப் பென்ஸ், அரசும் ஒரு பங்கு. வேலை போனால் வாரம் ஏழு ஷில்லிங்; ஓராண்டில் பதினைந்து வாரத்துக்கு மேல் இல்லை. அங்கும் பழங்கணக்கு கேட்டனர்: முந்தைய ஐந்தாண்டுகளில் குறைந்தது 26 வாரங்கள் காப்பீடு பெற்ற தொழிலில் இருந்திருக்க வேண்டும், செலுத்திய ஐந்து சந்தாவுக்கு ஒரு வார உதவி. கட்டடம், கப்பல் கட்டுதல், எந்திரத் தொழில் முதலிய சிலவற்றுக்கே அது பொருந்திற்று; ஏறத்தாழ இரண்டேகால் மில்லியன் பேர். ஆயினும் ஒன்றைப் பாராட்ட வேண்டும். அவர்கள் கணக்கு முத்திரைகளாக ஒரு புத்தகத்தில் ஒட்டப்பட்டது. வேலை போனால் தொழிலாளியே அப்புத்தகத்தை எடுத்துச் சென்று வேலைவாய்ப்பு நிலையத்தில் கொடுப்பான். எத்தனை முத்திரை என்று அவனாலும் எண்ணிப் பார்க்க முடியும். நம் பதிலிக்கு இல்லாத வசதி அது.

பெரும் பஞ்சம் சூழ்ந்த 1931இல், அதே நாட்டில், தொழிற்கட்சி அரசே ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. "முறைகேடுகளை" நீக்கவாம். முறைகேடு என்று பெயர் சூட்டப்பட்டவர் யார் யார்? பருவத் தொழிலாளர், விட்டுவிட்டு வேலை கிடைப்போர், பின்னர் — திருமணமான பெண்கள்! பத்தாண்டு ஆலையில் உழைத்துச் சந்தா கட்டிய பெண்ணாயினும், தாலி ஏறிய நாளிலிருந்து (அங்கே மோதிரம்) பழைய கணக்கு மட்டும் போதாது. மணமான பிறகு புதிதாகக் குறிப்பிட்ட அளவு சந்தா செலுத்தியிருக்க வேண்டும், வேலை கிடைக்கும் வாய்ப்பும் உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும். ஒரு பெண்ணின் உழைப்பு வரலாறு அவளது திருமணத்தோடு அழிந்துவிடுகிறது என்பதை நம்மூர்ச் சாத்திரிகள்தாம் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரிட்டனின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர் மார்கரெட் பாண்ட்ஃபீல்டு என்பது வரலாற்றின் குறும்பு.

அமெரிக்கா 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. வேலையின்மை இன்ஷூரன்ஸ் அதில் இடம்பெற்றது. பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் விலக்கப்பட்டனர். தென் மாநிலங்களில் அந்த இரு வேலைகளையும் செய்தோரில் மிகுதியானோர் யார்? கறுப்பு மக்கள். "கறுப்பன்" என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை, தேவையும் இல்லை. தொழிலைக் குறித்தால் போதும், ஆளைக் குறித்ததாகிவிடும். தொழிலுக்கு ஒரு சாதி, சாதிக்கு ஒரு தொழில் என்று ஈராயிரம் ஆண்டு கண்ட நமக்கு இந்தச் சூட்சுமத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். இங்கே வேலையின்மை இன்ஷூரன்ஸ் ஏன் வரவில்லை? பேச்சே எழவில்லை என்பதன்று. விட்லி தலைமையில் அமைந்த தொழிலாளர் ராயல் கமிஷன் 1931இல் தன் அறிக்கையைத் தந்தது. நாடு தழுவிய வேலையின்மை இன்ஷூரன்ஸ் இந்தியாவில் இயலாது என்பது அதன் முடிவு. தொழிலாளர் அடிக்கடி மாறுகின்றனர், ஓரிடத்தில் நிலைப்பதில்லை, எனவே யாருக்கு எத்தனை நாள் என்று கணக்கு வைக்க முடியாது என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. மற்றொரு எண்ணமும் இருந்தது. எனக்கு மிகவும் சினமூட்டுவது அதுதான். ஆலைத் தொழிலாளிக்குக் கிராமத்தில் ஒரு வீடு இருக்கிறதாம். நோய் வந்தாலும், வேலை போனாலும், மூப்பு வந்தாலும் கிராமம் தாங்கிக்கொள்ளுமாம். அதுவே ஒருவகை இன்ஷூரன்ஸாம்!

கிராமம்! எந்தக் கிராமம்? யாருடைய கிராமம்? நிலமுள்ளவனுக்குக் கிராமம் களஞ்சியம். ஊருக்கு வெளியே சேரியில், பொதுக் கிணற்றில் நீர் இறைக்க உரிமையின்றி, தேநீர்க் கடையில் தனிக் குவளையோடு வாழ்ந்தவனுக்கு? அவன் ஆலைக்கு ஓடிவந்ததே அந்தக் கிராமத்திலிருந்து தப்பத்தானே! வேலை போய்த் திரும்பும் ஆதிதிராவிடத் தோழனை, "வா அப்பா, கமிஷன் சொல்லிவிட்டது, உன்னைத் தாங்குகிறேன்" என்று எந்தப் பண்ணையார் வரவேற்றார்? கூலிக்குக் கைகட்டி நிற்க இன்னொரு ஆள் கிடைத்தான் என்று வேண்டுமானால் மகிழ்ந்திருப்பார். சாதியை அறியாதவர் எழுதிய அறிக்கை என்பதா, அறிந்தும் மறைத்த அறிக்கை என்பதா? எதுவாயினும், கிராமம் கூட்டுக் குடும்பம், கிராமம் சொர்க்கம் என்ற அந்தப் பாட்டு, வெள்ளையன் போன பிறகும் நம் தலைவர்கள் பலரின் நாவில் நின்று நிலைத்தது.

1948இல் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம், அதாவது நாமெல்லாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, நிறைவேறியது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறை தொடங்கியது. நோய்க்கு, பேறுகாலத்துக்கு, வேலையில் நேரும் காயத்துக்கு அது உதவியது. நல்ல திட்டம், மறுப்பாரில்லை. ஆனால் வேலை போவதை அது நோயாகக் கருதவில்லை. கைத்தறியாளர் நிலை இன்னும் மோசம். 1953இல் தறிகள் ஓய்ந்து நெசவாளர் பட்டினி கிடந்தபோது, கழகத் தோழர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அண்ணா திருச்சி வீதிகளில் விற்றார். அதே ஆண்டில் வந்த லே-ஆஃப் சட்டம் மதுரையின் நெசவுத் தெருக்களுக்குள் நுழையவில்லை. முதலாளி இன்னார் என்று சுட்ட முடியாத இடத்தில் மஸ்டர் ரோல் ஏது? மஸ்டர் ரோல் இல்லாதவனுக்கு 240 ஏது?

ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்து 57 ஆண்டுகள் கழிந்தபின், 2005 ஏப்ரல் முதல் நாளில், இராஜீவ் காந்தி பெயரால் ஒரு வேலையின்மை உதவித் திட்டம் அதனுள் புகுந்தது. ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டாலோ ஊதியத்தில் பாதி, ஆறு மாதம் வரை. தகுதி? ஐந்தாண்டு சந்தா செலுத்தியிருக்க வேண்டும்! ஐந்தாண்டு நிலையாக வேலை பார்த்தவனுக்கே வேலையில்லாத போது உதவி. பின்னர் அது மூன்றாண்டாயிற்று. பின்னும் குறைந்து ஈராண்டாயிற்று. 2018 சூலை முதல் நாள் மற்றொரு திட்டம் வந்தது, வாஜ்பாய் பெயரால். ஈராண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்த நான்கு பருவங்களில், ஒவ்வொன்றிலும் 78 நாள் சந்தா ஏறியிருக்க வேண்டும். இத்தனையும் இருந்தால் தினசரிச் சராசரி ஊதியத்தில் கால் பங்கு. அதுவும் 90 நாள். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை! ஒரு முறைக்கு மேல் வேலை போகும்படி நடந்துகொள்ளாதே என்று பாட்டாளிக்குப் புத்தி சொல்கிறார்கள் போலும்.

பிறகு 2020 வந்தது. மார்ச் 24ஆம் நாள் இரவு நாடு பூட்டப்பட்டது. அப்போது என்ன செய்தனர்? நான்கு பருவமும் வேண்டாம். வேலை போவதற்கு முந்தைய பருவத்தில் 78 நாள், மற்ற மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் போதும் என்றனர். கால் பங்கு அரைப் பங்காயிற்று. 90 நாள் காத்திருந்து கேட்க வேண்டியதை 30 நாளிலேயே கேட்கலாம் என்றனர். நல்லது, வரவேற்போம். ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: நேற்று வரை "இந்த நிபந்தனையைத் தளர்த்தினால் நிதி தாங்காது, ஒழுங்கு கெடும், சோம்பல் பெருகும்" என்று வாதிட்டவர்கள், ஒரே கையொப்பத்தில் பாதியாகக் குறைத்தனர், வானம் இடிந்து விழவில்லை. ஐந்தாண்டு மூன்றாகி, மூன்று இரண்டாகி, நான்கு பருவம் இரண்டு பருவமாயிற்று. இந்த எண்களில் எதுவும் பிரமன் எழுதியதன்று. மேசையைச் சுற்றி அமர்ந்த மனிதர் எழுதினர், மனிதரே அழித்தெழுதினர்.

சந்தா கட்டாதவனுக்கு எப்படிக் கொடுப்பது, இன்ஷூரன்ஸ் என்றாலே கட்டியவனுக்குத்தானே என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நேர்மையான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. நிதிக்கு வரவு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவன் கட்டவில்லை என்பதும், கட்ட விடப்படவில்லை என்பதும் ஒன்றா? 230ஆவது நாளில் வேலையை நிறுத்தி, பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லி, புதுப் பெயரில் மறுபடி சேர்க்கும் வழக்கத்தை நாடறியும். அதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது: 24 மாதத்தில் 480 நாள் பணியாற்றியவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். வேறு மாநிலத்தார் வியந்து நோக்கத்தக்க சட்டம். ஆனால் 1984இல் நடுவண் அரசு தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பே ஆகாது என்று ஒரு சந்தைத் திறந்துவிட்டது. அந்தச் சந்து வழியே எத்தனையோ ஆலைகள் நடந்து சென்றன.

திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் பரவிய "சுமங்கலி" முறையை மறந்திருக்கமாட்டீர்கள். ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் மூன்றாண்டு ஆலை விடுதியில் அடைபட்டு உழைக்க வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென்று ஒரு தொகை. நடுவில் நோயுற்று வெளியேறினால் அத்தொகை போச்சு! மூன்றாண்டு என்பது 480 நாளை வெகுவாகத் தாண்டிய காலம். ஆயினும் அவர்கள் ஏட்டில் "பயிற்சியாளர்". உழைத்த கூலியையே உழைப்பு வரலாற்றைக் காட்டிப் பெறவேண்டிய பரிசாக மாற்றி, அதற்கு மங்கலப் பெயரும் சூட்டிய திறமையை என்னென்பது!

ஆட்குறைப்புக்கு முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற விதியைப் பற்றியும் ஒரு சொல். அவ்விதி செல்லுமா என்ற கேள்வி, நம் மதுரை மீனாட்சி ஆலைத் தொழிலாளர் வழக்கில்தான் 1992இல் உச்சநீதிமன்றத்தால் முடிவு செய்யப்பட்டது. செல்லும் என்பது தீர்ப்பு. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு அது அரணாக நின்றது. அந்த அரணுக்குள் நுழையவும் சீட்டு ஒன்றுதான்: ஓராண்டுத் தொடர்பணி, அதே 240. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நூறு என்பது முந்நூறு ஆகிவிட்டது. 240 அப்படியே இருக்கிறது. பதிலியை விலக்கிய அடைப்புக்குறியும் அப்படியே இருக்கிறது.

ஏட்டை வைத்திருப்பவன் முதலாளி. 240 நாள் வேலை செய்தேன் என்று மெய்ப்பிக்க வேண்டியவன் யார்? தொழிலாளி என்றது உச்சநீதிமன்றம், 2002இல், ஹாதிமணி என்பார் வழக்கில். நான் செய்தேன் என்று அவன் சத்தியம் செய்தால் மட்டும் போதாதாம். சம்பளச் சீட்டோ நியமனக் கடிதமோ காட்ட வேண்டுமாம். தினக்கூலிக்கு நியமனக் கடிதம் கொடுத்த முதலாளியை எவரேனும் கண்டதுண்டா? மூன்றாண்டு கழித்து, 2005இல் எல்லாட்டி வழக்கில், அதே நீதிமன்றம் சற்றே இறங்கி வந்தது. மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளிக்கே. எனினும் தினக்கூலியிடம் எழுத்து ஆதாரம் இருக்காது என்பதை உணர வேண்டும். அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லி, மஸ்டர் ரோலையும் சம்பளப் பதிவேட்டையும் கொண்டுவரச் சொல் என்று கேட்கலாம். கொண்டுவராதபோது என்ன முடிவுக்கு வருவது என்பது அந்தந்த வழக்கின் தன்மையைப் பொறுத்தது என்றது.

தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும், ஏட்டைக் கொண்டுவா என்று கேட்காமல் தோற்ற வழக்குகள் மிகுதி. ஈ.எஸ்.ஐ.யில் இருப்போர், தம் காப்பீட்டு எண்ணைக் கொண்டு ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்பதைக் கணினியில் தாமே பார்க்கலாம். வேலை போன பிறகு பார்ப்பதைவிட, வேலை இருக்கும்போதே பார்ப்பது நலம். படித்த இளைஞர் ஹார்விபட்டியிலும் பசுமலையிலும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதைச் செய்து கொடுக்கலாம்; இராசிபலன் பார்க்கக் கைபேசியைத் தடவும் நேரத்தில் பாதி போதும்.

பழங்கணக்கே கேட்காத சட்டம் ஒன்றும் இந்த நாட்டில் இருந்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். நேற்று எத்தனை நாள் உழைத்தாய் என்று அது கேட்கவில்லை. இன்று வேலை வேண்டுமா என்று மட்டும் கேட்டது. கேட்டு பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் உதவித்தொகை தர வேண்டும்: முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமல். உசிலம்பட்டிக் கரிசலில் குடத்தோடு நிற்கும் கிழவிக்கும் அந்த உரிமை எழுத்தில் இருந்தது. எழுத்தில் என்கிறேன், ஏனெனில் அந்த உதவித்தொகையை உண்மையில் வாங்கியவர் அரியர். வேலை கேட்டதற்குத் தேதியிட்ட இரசீது கொடுத்தால்தானே பதினைந்து நாள் எண்ண முடியும்? அங்கும் ஏடு, அங்கும் எழுதுபவன் கை. 2025 டிசம்பரில் அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது.

காலண்டரோடு வந்தவரின் வழக்கு இன்னும் முடியவில்லை. மஸ்டர் ரோலைக் கொண்டுவரக் கோரி மனுப் போட்டார்கள். அந்த ஆண்டின் ஏடு மழையில் நனைந்து கெட்டுவிட்டது என்று பதில் வந்தது. மற்ற ஆண்டுகளின் ஏடுகள் நலமாக இருக்கின்றனவாம். அடுத்த வாய்தாவுக்கு, அவரோடு அதே ஷிப்டில் நின்ற இருவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீலப் பென்சில் குறிகள் மங்கி வருவதால், பன்னிரண்டு மாதத்தையும் தேதி தேதியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான் படியெடுத்துக் கொடுத்தேன்; நாள், ஷிப்டு, யாருக்குப் பதிலாக நின்றார் என்ற மூன்று பத்திகள். மூன்றாவது பத்தியை அவர் நினைவிலிருந்தே சொன்னார். ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை.